ஹாகலா வீட்டுக் குளியலறைத் தளத்தை இரண்டு முறை திறந்த விவரம்

என் பெயர் வார்னர் நீமி. வயது 57. தகப்பனார் தொய்வோ நீமி, காலஞ்சென்றவர். மிச்சிகன் மாநிலம், பைன் ஏரி, பிர்ச் தெரு 14ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். முப்பது வருடமாக வீடுகளுக்குத் தளம் போட்டு ஓடு ஒட்டி வருகிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

கடந்த 6.10.2003 திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, எங்கள் தெரு 20ஆம் எண்ணில் தனியாக வசிக்கும் லெம்பி ஹாகலா, வயது 84, என்பவரது மாடிக் குளியலறையில் வேலை தொடங்கினேன். பழைய பலகை ஊறிப்போய், கால் வைத்தால் ரொட்டி மாதிரி அமுங்கியது. அதைப் பெயர்த்த பிறகு, கண்ணாடி அலமாரிக்கு நேர் கீழே, இரண்டு உத்தரங்களுக்கு நடுவில், துருப்பிடித்த சவர பிளேடுகள் குவியலாகக் கிடந்தன. இதில் அதிசயம் இல்லை. பழைய வீடுகளில் அலமாரியின் முதுகில் மெல்லிய துளை ஒன்று இருக்கும்; மழித்த பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் போய்விடும்; எங்கே போகிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. நான் மட்டும் எந்த வீட்டில் திறந்தாலும் குனிந்து பார்ப்பேன், எனக்கு அப்படி ஒரு புத்தி. அன்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன். குவியலின் உச்சியில், துரு ஒட்டாத ஒரு தங்க மோதிரம் இருந்தது.

அதன் பிறகு கதவருகில் நின்ற லெம்பி அம்மாளிடம் சொன்னேன். "அதத் தொடாத வார்னர். நான்தான் போட்டேன்" என்றார்.

"கல்யாண மோதிரத்தப் போய் யாராவது பிளேடு துளையில போடுவாங்களா, லெம்பிம்மா?"

"விரல்ல நிக்க மாட்டேங்குது. டேல் அத உருக்கிப் புதுப் பொண்டாட்டிக்குத் தோடு பண்ணணுங்கறான். உர்ஹோ தெனமும் காலையில நின்ன எடம் அது. நீ மூடிட்டு வேலையப் பாரு."

டேல் அவரது மகன், உர்ஹோ இறந்துபோன கணவர். மோதிரம் லெம்பி அம்மாளுடையது, வீடும் அவருடையது. எனவே மூடினேன்.

மூடிய விதம்: உத்தரங்களின் மேல் பசை தடவி, முக்கால் அங்குல பிளைவுட்டைக் குறுக்காக வைத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் ஆணிக் கனம் இடைவெளி விட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ முடுக்கினேன். இதெல்லாம் தேவையில்லை என்று இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரி சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது. நான் போட்ட தளத்தைப் பெயர்க்க என்னாலேயே முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அதன் பிறகு மேலே சிமெண்ட் பலகை அடித்து, புதன்கிழமை மாலைக்குள் ஓடு ஒட்டி முடித்தேன்.

மறுநாள் காலை காபிக் கடையில் ஒரு செய்தி கேள்விப்பட்டேன். லெம்பி அம்மாளை ஆறு வருடமாகக் குளிப்பாட்டிக் கவனித்துவந்த கிரெட்சன் பவுலக் அந்த மோதிரத்தைத் திருடிவிட்டதாக டேல் புகார் கொடுத்திருக்கிறார். அவளுக்கு வேலை போய்விட்டது. வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் நிற்க வேண்டும். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளின் மேல் ஸ்க்ரூ முடுக்கியது என் கைதான்.

அதன் பிறகு நேராக லெம்பி அம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

"அவளே வேலைய விட்டுட்டுப் போயிட்டாள்னுல்ல டேல் சொன்னான்! சொல்லாமக்கூடப் போயிட்டாளேன்னு அவளத் திட்டிக்கிட்டிருந்தேன், வார்னர்." பிறகு, "அந்தத் தளத்த ஒட" என்றார்.

"ஓட்டுப் பசை இன்னும் சரியாக் காயல."

"காயறதுக்குள்ள ஒட. எனக்கு மறதின்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கான். என் வாய்ச்சொல்ல எவன் நம்புவான்? போலீஸக் கூப்ட்டு, அவங்க கண்ணு முன்னால ஒட."

இன்று 10.10.2003 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இதை எழுதும் அதிகாரியும் டேலும் பார்த்திருக்க, எட்டு ஓடுகளை உடைத்து பிளைவுட்டைச் சதுரமாக அறுத்தேன். மோதிரம் கிடந்த இடத்திலேயே இருந்தது. அதிகாரி அதை உறையில் போட்டு ஒட்டினார். "எப்பத் திருப்பித் தருவீங்க?" என்று லெம்பி அம்மாள் கேட்டார். வழக்கு முடிந்ததும் என்றார் அதிகாரி. "யார் கையில?" என்று கேட்டார். அதிகாரி உறையின் மேல் தேதி எழுதினார்.

ஆகவே நான் சொல்வது: அந்தச் சதுரத்துக்குப் புது பிளைவுட் அறுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மூடச் சொல்லி டேல் இரண்டு முறை கேட்டுவிட்டார். மோதிரம் லெம்பி அம்மாளின் கைக்கே வந்து, அவர் அதை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்ட பிறகுதான் ஸ்க்ரூ முடுக்குவேன். அதுவரை அவருக்குக் குளிக்க வழியில்லையே என்று அதிகாரி கேட்டார். நாளை சனிக்கிழமை, எங்கள் ஊரில் நீராவிக் குளியல் நாள். அவரைத் தன் வீட்டு வெந்நீராவி அறைக்குக் கூட்டிப்போக கிரெட்சன் வருகிறாள்.

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஆணிக் கன இடைவெளி உட்பட எல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) வார்னர் நீமி