பசை வாளியில் இருந்த நீலம்

பெயர் என் அடையாள அட்டையில் இருப்பதுதான். பசையம்மா வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். வயது எழுபத்தொன்று. அச்சகத்துப் பின்சந்தில் கடைசி வீடு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். காவலர்களிடம் நான் சொன்னதை வேறொருவர் எழுதியதால், கோர்ட்டாருக்கு இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவது என் தொழில். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, சினிமா எல்லாவற்றுக்கும் ஒரே அண்டாதான். "எல்லாக் கட்சியையும் ஒட்ட வைக்கிறது எங்க பாட்டி மட்டும்தான்" என்று என் பேத்தி கிண்டல் செய்வாள். தாயில்லாமல் நான் வளர்த்தவள், சட்டம் படிக்கிறாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் அவளும் சிநேகிதிகளும், எங்கள் பள்ளிகளில் என்ன பாடம் என்பதை எங்கள் மாநிலமே முடிவு செய்யட்டும் என்ற சுவரொட்டியை ஒட்டிவிட்டு வந்தார்கள். அதன்பிறகு மத்தியானம் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கையில் இன்ஸ்பெக்டர் ஐயா காவலர்களுடன் வந்து, அவள் தீவிரவாதி என்றும் நாட்டைத் துண்டாடப் பார்க்கிறாள் என்றும் சொன்னார்.

"என் அடுப்புல என்ன சமைக்கணும்னு நான் முடிவு பண்றேன்னு மருமக சொன்னா, வீட்டை இடிக்கிறான்னா அர்த்தம்?" என்று கேட்டேன். ஐயா சிரித்தார். பேத்தி பாதிப் பின்னலோடு எழுந்து நின்றாள்.

அதன்பிறகு ஐயா பசை வாளியை எட்டிப் பார்த்து, "என்னம்மா நீலமா இருக்கு?" என்று கேட்டார். தொழிலைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். "மயில்துத்தம்யா. போட்டா பூச்சி, எலி எதுவும் பசைய அரிக்காது. என் பக்குவம் இந்த ஊர்ல யாருக்கும் வராது" என்றேன். யார் வாங்கி வந்தது என்றார். "என் பேத்திதான். எந்த மருந்துன்னாலும் பார்த்து வாங்குறதுல கெட்டிக்காரி" என்றேன்.

உடனே ஐயா பக்கத்துக் காவலரிடம், "எழுதிக்கோ. ரசாயனம். வாங்கினது பொண்ணு" என்றார். நான்தான் வாங்கினேன், என்னைக் கூட்டிப் போங்கள் என்றேன். "நீங்கதான் ஏற்கெனவே சொல்லிட்டீங்களேம்மா" என்றார். ஆளும் கட்சிச் சுவரொட்டியும் இதே பசையில்தான் நிற்கிறது என்றேன். "அது வேற" என்றார். அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்றுதான் அவளைக் கோர்ட்டு வராந்தாவில் பார்த்தேன். பின்னல் அவிழ்ந்து கிடந்தது. முடித்துவிடட்டுமா என்று கேட்டதற்குப் பெண் காவலர், "கிட்ட போகக் கூடாது பாட்டி" என்றார். ரிப்பன் என் கையில் இருந்தது.

அவளைக் கெட்டிக்காரி என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற வழி உண்டா என்று வக்கீலைக் கேட்டேன். "அது பொய்யா இருந்தாத்தான் பாட்டி முடியும்" என்றார்.

ஆகையால் மேலே நான் எழுதியது அத்தனையும் உண்மை. கைரேகை வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(கையெழுத்து)