கதவுக்குள் தூங்கியவர்

ராத்திரி இரண்டேகால் மணி. விமான நிலையத்திலிருந்து ஊருக்குத் திரும்பும் பெரிய சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வெளிச்சம் இல்லை. இரண்டு பக்கமும் கட்டி முடிக்காத அடுக்குமாடிகள்... ஜன்னல் வைக்க விட்ட ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு சின்னக் கார் தனியாக வந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரே ஆள். பாட்டு ஓடுகிறது. தபலா கேட்கிறது. வயலின் கேட்கிறது. பாடுகிறவர் குரலை மட்டும் காணோம்.

கரண்ட் போய்விட்டது, கிட்டே வந்து உட்காருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன மனுஷன் இப்போதைக்கு வரமாட்டார். அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுக்கொள்ளுங்கள், தரை சில்லிடுகிறது. அந்த போன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள், வீடு போய்ச் சேரும்வரை சார்ஜ் வேண்டும்.

லேபிள் ஒட்டுகிறவள் கேட்கிறாள், "கதையாக்கா, நடந்ததா?" என்று. கதை கட்டிச் சொல்ல எனக்கு எங்கே தெம்பு இருக்கிறது? நின்று நின்று கால் இரண்டும் மரத்துப் போயிருக்கின்றன. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அந்தக் காரில் இருந்தவர் என் நாத்தனார் வீட்டுக்காரர். எனக்கு அண்ணன் முறை. ராத்திரி டாக்சி ஓட்டுகிறவர். பகலில் தூங்க வேண்டும். எங்கே தூங்குவது? ஒற்றை அறை வீடு. கைக்குழந்தை வயிற்று வலியில் கத்திக்கொண்டே இருக்கும். மேல் வீட்டில் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். காதில் தலையணையை அழுத்திக்கொண்டு புரண்டு படுப்பார். சாயங்காலம் எழுந்தால் கண் மிளகாய்த் தூள் பட்டது போல எரியும். ராத்திரி வேலை பார்க்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டுதான் அவரை முழித்திருக்க வைத்தது. சத்தமாக வைத்து, கூடவே கத்திப் பாடிக்கொண்டு ஓட்டுவார். ஆனால் காரோடு வந்த ஸ்பீக்கர் காகிதத்தில் செய்தது. ஈரம் குடித்துக் குடித்துக் கிழிந்துவிட்டது. கொஞ்சம் சத்தம் கூட்டினால் போதும்... டர்ர்ர்... என்று பொரியும். அதனால் மெதுவாக வைத்தார். ஒருநாள் அந்த மெதுவான பாட்டிலேயே கண் சொருகிவிட்டது. டயர் சாலையோரச் சரளையில் ஏறிக் கரகரவென்ற பிறகுதான் முழிப்பு வந்தது. பாலத்துச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றதாம்.

வீட்டுக்கு வந்து சொன்னார். நாத்தனார் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் இந்தப் புள்ளையும் எங்க போறது? வேற வேலை பாருங்க."

"எனக்குன்னு எவன் வேலை வெச்சுக்கிட்டுக் காத்திருக்கான்? ஸ்பீக்கரை மட்டும் மாத்திட்டேன்னு வை, முழிச்சிருந்துடுவேன்" என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான். முழித்திருக்க வேண்டும். வேறு எதற்கும் அவர் ஆசைப்படவில்லை.

கார் ஸ்டீரியோ கடைக்காரர் நல்ல மனுஷன். வேண்டாததைத் தலையில் கட்டி அனுப்பவில்லை. "எல்லாத்தையும் மாத்தணும்னு இறங்காதீங்கண்ணே. முன் கதவுல ரெண்டு, அதுக்குச் சத்தம் கூட்ட ஒரு சின்ன ஆம்ப்ளி. பின்னாடி இருக்கிறது அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீங்க முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க" என்றார். அதற்கே அவர் சொன்ன விலையைக் கேட்டு அண்ணன் செருப்பைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப பழைய கார் உடைக்கிற இடத்துல கேட்டுப் பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தா நல்ல சாமான் சிக்கும்."

சிக்கியது. கார் மேல் கார் அடுக்கிக் கிடக்கிற இடம். மழையில் நனைந்த சீட்டுப் பஞ்சு நாற்றம், பழைய பெட்ரோல் நாற்றம். உடைக்கிறவர் ஒரு ஜோடி கதவு ஸ்பீக்கரையும் செருப்புப் பெட்டி அளவில் ஒரு ஆம்ப்ளியையும் ஒயரோடு எடுத்துப் போட்டார். மூன்றும் ஒரே வண்டியில் கழற்றியது. புதுசு போலவே இருந்தன. அண்ணன் கையிலிருந்ததைக் கொடுத்தார், அவர் எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யார் கேட்கிறோம்? நாமும் கேட்க மாட்டோம்.

மாட்டுவதற்குக் கூலி கொடுக்க வழியில்லை. தானே உட்கார்ந்தார். கதவின் உள்பலகையைப் பிடுங்கினார், இரண்டு கிளிப் உடைந்தது. கூரை ஒழுகலுக்கு வாங்கி மிச்சமிருந்த தார் ஷீட்டை வெட்டிக் கதவுத் தகரத்தில் உள்ளே ஒட்டினார். அதிராமல் இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். சீட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி எர்த் ஒயரைத் திருகினார். எல்லாம் பழுதில்லாமல் செய்தார்... ஒன்றைத் தவிர. ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. எது எது என்று தெரிவதற்கு ஒயரில் கோடு போட்டிருப்பார்கள். அந்தப் பழைய வண்டிக்காரர் இரண்டுக்குமே வெறும் கறுப்பு ஒயர் இழுத்திருந்தார். அண்ணன் குத்துமதிப்பாக மாட்டினார். இடது கதவு சரியாக விழுந்தது. வலது கதவு தலைகீழ்.

அதனால்தான் அன்று ராத்திரி பாடுகிறவர் குரல் காணாமல் போனது. தபலா ஒரு ஓரம், வயலின் ஒரு ஓரம், நடுவில் குழி விழுந்தது போல ஒன்றுமே இல்லை. பாட்டு கெட்டுக் கிடக்கிறது போல என்று அடுத்ததை வைத்தார். அதிலும் குரல் இல்லை.

அந்த நடுவில்... அந்தக் காலி இடத்தில்... வேறு ஏதோ கேட்டது.

ஸ்ஸ்ஸ்... ஹா. கொஞ்சம் பொறுத்து மறுபடி... ஸ்ஸ்ஸ்... ஹா.

இறங்க வேண்டிய சவாரி யாரோ பின்சீட்டில் தூங்கிப்போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணாடியில் பார்த்தார். யாரும் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து, கால் வைக்கிற இடத்தையும் கையால் தடவிப் பார்த்தார். யாரும் இல்லை. பாட்டை நிறுத்தினார், அந்த மூச்சுச் சத்தமும் நின்றது. பாட்டைப் போட்டார். தபலாவுக்கு அடியில் யாரோ ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் ஒரு வாசனை வேறு... ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த அறையைக் காலையில் திறந்தால் போர்வைச் சூட்டோடு ஒன்று வருமே, அந்த வாசனை.

அன்று விடியும்வரை அண்ணனுக்கு ஒரு கொட்டாவி வரவில்லை.

"பயத்துல எங்கேர்ந்துக்கா தூக்கம் வரும்?" என்று சிரிக்கிறாள் பாருங்கள் இவள். சரியாகத்தான் சொல்கிறாள். அந்தப் பயம்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

சவாரி வருகிறவர்கள் பாடு வேறு. ஏறி உட்கார்ந்து பாட்டு ஆரம்பித்ததும் தலை தொங்கிவிடும். வீடு வந்ததும் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். "இவ்வளவு நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். ஒருநாள் குழந்தை ஓயாமல் வீறிட்டது. நாத்தனார் தூக்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். அண்ணன் பாட்டைப் போட்டார். பாதி அழுகையில் குழந்தை அப்படியே தூங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற இரண்டு பேரையும் பார்த்தபோது அண்ணனுக்குப் பயம் போய்ப் பொறாமை வந்ததாம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

கடைசியில் ஸ்டீரியோ கடைக்குப் போனார். கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து காது கொடுத்தார், இரண்டு தரம் கொட்டாவி விட்டார், சிரித்தார். "வலது பக்கம் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்குண்ணே. இது தள்ளுறப்ப அது இழுக்குது. ரெண்டு பக்கமும் சமமா வர்ற சத்தம் ஒண்ணையொண்ணு தின்னுடும். பாடுறவங்க குரல்தான் சமமா வரும்."

"அப்ப அந்த மூச்சு?"

"தூங்காமக் கிடந்தா காதுல என்ன வேணாலும் கேக்கும்ணே. முதல்ல போய்ப் படுங்க."

கடைக்காரரே ஒயரை மாற்றிப் போட்டார். குரல் வந்துவிட்டது. கண்ணெதிரே உட்கார்ந்து பாடுவது போல, கணீரென்று. மூச்சு கேட்கவில்லை. அண்ணனுக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்று ராத்திரி அதே சாலை. பாட்டு இனித்தது. பயம் இல்லை. பயம் இல்லாததும் இத்தனை நாள் சேர்ந்த தூக்கம் மொத்தமாக வந்து கண்ணில் உட்கார்ந்தது. அவர் முட்டாள் இல்லை. ஓட்டிக்கொண்டே தூங்கக் கூடாது என்று ஓரமாக நிறுத்தினார். இந்தப் பாட்டு முடிகிறவரை மட்டும்... என்று சாய்ந்தார். பாட்டு முடிந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே துளி நேரம் சத்தம் இருக்காது, இல்லையா. அந்தத் துளி நேரத்தில் கேட்டது. ஸ்ஸ்ஸ்... ஹா. அது போகவே இல்லை. குரலுக்கு அடியில்தான் கிடந்திருக்கிறது. தன்னுடைய மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதை அவர் கவனித்தார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

வெயில் ஏறியபிறகு சாலை கூட்டுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள். அசையவில்லை. பின் கண்ணாடியை உடைத்து உள்ளே போய்ப் பிடித்து உலுக்கினார்கள். முகத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். ம்ஹூம். காது கிழியப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வழி தெரியாமல் ஒரு ஆள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஆம்ப்ளி ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். அப்போதுதான் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

நேராகக் கார் உடைக்கிறவரிடம் போனார். "இது எந்த வண்டியில கழட்டினது?"

"நல்ல வண்டி தம்பி, ஒரு கீறல் கிடையாது. ரோட்டோரமா நின்னிருக்கு. பெட்ரோல் தீர்ற வரைக்கும் எஞ்சின் ஓடியிருக்கு. உள்ள ஆள் தூங்கிட்டிருந்தார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எழுந்திரிக்கலை."

அங்கேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பாட்டே இல்லாத காரோடு வீடு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அன்றிலிருந்து அண்ணன் தூங்கவில்லை. கொஞ்சம்கூட. பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. படுப்பார், கண் திறந்தே இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் நாக்குதான் குழறியது. முதலில் நாத்தனாருக்குச் சந்தோஷம்தான், இனிமேல் வண்டியில் கண் சொருகாது என்று. பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது. ராத்திரி எப்போது திரும்பிப் பார்த்தாலும் கூரையைப் பார்த்தபடி கிடப்பாராம். "சும்மாவாவது ஒரு தடவை கொட்டாவி விடுங்கன்னு கெஞ்சுறேன் அண்ணி" என்று என்னிடம் அழுதாள். ஆள் பாதியாகிவிட்டார். போன மாதம் பார்த்தேன். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் கார் உடைக்கிறவர் போன் பண்ணியிருக்கிறார். நாத்தனார்தான் எடுத்தாள். அந்த சாமானை வேறொரு டாக்சிக்காரருக்கு விற்றிருக்கிறார். அந்தக் கறுப்பு ஒயரில் அவரும் அதே போல ஏமாந்து தலைகீழாக மாட்டியிருக்கிறார். இப்போது வந்து சண்டை பிடிக்கிறாராம். "உள்ள ரெண்டு பேர் தூங்குறாங்கன்னு சொல்றாம்மா. இடது கதவுல ஒருத்தர், வலது கதவுல ஒருத்தர். திருப்பிக் கொடுக்கிறப்ப என்னத்தைம்மா பண்ணிக் கொடுத்தீங்க?"

அவள் அண்ணனிடம் மூச்சுவிடவில்லை. அந்த டாக்சியைத் தேடிப் பிடித்து, சவாரி போல ஏறினாள். பாட்டைப் போடச் சொன்னாள். தூங்கிவிடக் கூடாது என்று உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டாள். குரல் இல்லாத பாட்டு. இடது பக்கம் யாரோ... தெரியாத ஆள். வலது பக்கம்... கல்யாணம் ஆன நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. அவளுக்கா தெரியாது?

அண்ணனுக்குத் தூக்கம் திரும்பிவிடும் என்று ஒயரைப் பிடுங்கச் சொல்லிப் பார்த்தாள். மூச்சு நின்றது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் முழித்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் அந்த டிரைவரிடம் போய், ஒயரை மறுபடி மாட்டிவிடுங்கள், கழற்றிவிடாதீர்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அங்கயாவது தூங்கட்டும்னு விட்டுட்டேன் அண்ணி" என்றாள்.

மனசு கேட்காதபோதெல்லாம் அந்தக் காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போய் வருகிறாள். நேற்றும் போயிருக்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது போன் பண்ணிச் சொன்னாள். இடது பக்கத்து ஆள் அதே போலத்தான் மூச்சு விடுகிறாராம். வலது பக்கம் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இப்போது ஒரு பாட்டு முழுசாக முடிந்துவிடுகிறதாம்.