ஒரே பாட்டு, ரெண்டு வேகம்

"அக்கா, மாமா வேற பாட்டுக்குல்ல ஆடிப் பழகியிருக்காரு!"

திருநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கத்தினாள். பக்கத்தில் அவள் அக்கா, கை நிறைய மருதாணியோடு கல்யாணப் பெண். நாளை வரவேற்பில் மாப்பிள்ளையோடு மேடையில் ஆடப் போகிறாளாம்.

"ஒரே இங்கிலீஷ் பாட்டுத்தானடி?"

"ராக் அண்ட் ரோல்க்கா. மாமா பழகுனது முதல்ல பாடுனவரோடது. நீ பழகுனது பின்னாடி வேற ஆளு மெதுவாப் பாடுனது."

"ஆத்தி! போனப் போடு."

ஸ்பீக்கரில் மாப்பிள்ளை சிரித்தார். "ஒரிஜினல்ல இருக்க துள்ளல் வேற எதுல வரும்?"

"பட்டுச்சேலையில எம்புட்டுத் துள்ளுறது?"

"சரிம்மா, உன் பாட்டுக்கே இப்பயிருந்து பழகுறேன்."

போனை வைத்ததும் தங்கை ஒரிஜினலைப் போட்டாள். கேட்கக் கேட்க அக்காவின் கால் நிற்கவில்லை.

"ஏய், இதுதான்டி பாட்டு! நான் சுடிதாரே போட்டுக்கிறேன். பாட்டுப் போடுற அண்ணன்ட்ட இதையே சொல்லிரு. மாமாட்ட மட்டும் மூச்சு விடாத, மேடையில அசந்து போகட்டும்!"

மாப்பிள்ளை இந்நேரம் மெதுவான பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பாரே என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. கூச்சத்தில் சொல்லாமலே என் ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன்.