பாறைக்க உயரம்

– அந்தப் பாறைய நான் தட்டையாக்க மாட்டேன், தேவகுமார் சாரே.

– லிஜா, சொன்னாக் கேளு பிள்ளே. துறைமுகச் சுவரு கட்டப்போறது அந்தக் கம்பெனி. நாம அவனுவளுக்குக் கம்ப்யூட்டர்ல படம் செய்து குடுக்குத ஸ்டுடியோ. திங்கக்கிழமை கலெக்டர் கூட்டத்துல படம் ஓடணும், கேட்டியா? கடலடி தட்டையா இருந்தாப் போதும்னு மெயில்லயே எழுதியிருக்கானுவ. நார்மல் மேப் போட்டு முடிச்சு விடு.

– நார்மல் மேப்னா அது பாறையே இல்ல. தட்டத் தரையில வெளிச்சத்த வச்சு மேடு பள்ளம்னு கண்ண ஏமாத்துகது. நேர பாத்தா பாறை. சாஞ்சு பக்கவாட்டுல பாத்தா சிமெண்டுத் தரை.

– யாருட்டி சாஞ்சு பாக்கப் போறா?

– வள்ளத்துல போறவன் பாக்க மாட்டான் சாரே. முட்டுவான்.

– நீ டிஸ்ப்ளேஸ்மென்ட் போட்டு நெசமாவே பாறைய எழுப்பி வச்சிருக்க. ஒரு ஃப்ரேமுக்கு இருபது நிமிசம். மூணு நாளா மிசின் மூச்சு வாங்குகு.

– கடைசி ஃப்ரேமும் காலையில வந்தாச்சே.

– வந்தத நானும் பாத்தேன்! சுவருக்க வாசல்ல வள்ளம் நுழையுகு, அலை தாழுகு, வள்ளத்துக்க அடிப்பலகை பாறைக்குள்ள போயிப் புதையுகு. இதையா அவனுவ கேட்டானுவ?

– வள்ளத்த நான் முட்ட வைக்கல்ல. பாறைய உள்ள உயரத்துக்கு எழுப்பினேன். அவங்க வரைஞ்சு தந்த வழியிலேயே வள்ளத்த விட்டேன். அவ்வளவுதான்.

– கோவப்படாத மக்கா. இங்க கூட வேல பாக்குத ஸ்டெனிகிட்ட சொன்னா அரை மணிக்கூறுல நார்மல் மேப் போட்டுத் தருவான், கேட்டியா?

– தரட்டும். திங்கக்கிழமை நான் ஊர்க்காரங்க கூட எதிர்ப்பக்கம் நிப்பேன். என் கையில என் படமும் இருக்கும்.

– என்ன மெரட்டுகியா? ஆறு பேரு இங்க சோறு தின்னுகோம். இந்தக் கம்பெனி போனா ஸ்டுடியோவப் பூட்டணும்.

– எங்க கடப்புறத்துல நூத்தியிருவது வள்ளம் இருக்கு. இப்பம் அந்தப் பாறையச் சுத்திப் போறோம். சுவரு வந்தா சுத்தறதுக்கு வழியில்ல, பாறைக்க மேல கூடித்தான் போவணும். சுத்திப் போவும்போதே போன ஆனியில எங்க அண்ணன் ஜெனோ முட்டினான். அவன் நீந்திக் கரையேறினான். கூடப் போன மரியஜான் வரல்ல.

– தெரியும் பிள்ளே. அடக்கத்துக்கு நானும் வந்தேனே.

– வந்தீங்க. பின்ன எப்பிடி சாரே தட்டையாக்கச் சொல்ல வாய் வருகு?

– கூட்டத்துல கண்ணீரு நிக்காது, அதான் சொல்லுகேன். இஞ்சினீயர்மாரு வரிசையா இருப்பானுவ. மொதக் கேள்வியே, பாறைக்கு இந்த உயரம் எங்கருந்து வந்துன்னுதான் இருக்கும். உங்க அண்ணன் கயிறு விட்டு அளந்ததுன்னு சொன்னா சிரிச்சிருவானுவ, கேட்டியா?

– அண்ணன் அளக்கல்ல.

– பின்ன? நீயா மனசுல நெனச்சுப் போட்டியா?

– அப்பிடிப் போடல்ல சாரே. சுவருக்க வரைபடம்னு கம்பெனிக்காரங்க நமக்கு ஒரு சிடி தந்தாங்கல்லியா? அதுக்குள்ள அவங்களுக்க கடல் சர்வேயும் மறந்துபோய் வச்சிருக்காங்க. அந்தப் பாறைய அடி அடியா அளந்து பாத்துட்டுத்தான், நம்மள தட்டையாப் போடச் சொல்லியிருக்காங்க.