வடக்கே யார்?

வம்சாவளிச் சங்கத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, ராலின்ஸ் குடும்பத்தாரே, டெல்ஃபா ராலின்ஸை நினைத்து இங்கே கூடியிருக்கும் அன்பர்களே,

இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், என் மூதாதை ஒருவரைத் தேடி நம் நீதிமன்றத்தின் ஆவண அறைக்குப் போனேன். அம்மா வழியில் வந்தவர், வர்ஜீனியா இங்கிலாந்து அரசரிடம் இருந்த காலத்தவர். அவர் பெயரைச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த டெல்ஃபா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அவருக்கு வடக்கால யாரு இருந்தாங்க?"

"நான் என் ஆளத் தேடி வந்திருக்கேன். வடக்கால இருந்தவர் எனக்கு எதுக்கு?"

"வாத்தியாரம்மா, உங்க ஆளு ஒரு பத்திரமும் எழுதாமலே செத்திருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரன் எழுதியிருப்பான்ல? அவன் எல்லை சொல்லும்போது உங்க ஆளு பேரச் சொல்லித்தானே ஆகணும்?"

முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அன்றுதான் பாடம் நடந்தது. "வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் எல்லையோரமாக ஓடை வரை" என்று போகும் அந்தப் பழைய பத்திரங்களின்படி, நிலங்களைப் பழுப்புத் தாளில் அளவாக வெட்டி, பெரிய மேசைமேல் ஒன்றோடொன்று பொருத்துவார் டெல்ஃபா. காகிதம் உரசும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருடைய மூதாதையர் அந்த மேசைமேல் கிடைத்தார்கள்? கை தூக்கச் சொன்னால் இந்தக் கூடத்தில் தூக்காத கை இருக்காது.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அவருடைய சொந்த மூதாதையின் கதை.

ராலின்ஸ் குடும்பத்தின் முதல் மனிதர் எட்வர்ட் ராலின்ஸ் ஜூனியர். ஏடுகளில் "ஜூனியர்" என்று இருந்ததால், அதே பெயருடைய பெரிய நிலக்காரரும் நீதிபதியுமான எட்வர்ட் ராலின்ஸின் மகன் என்று எல்லாரும் நம்பினார்கள். கல்லறைத் தோட்டத்தில் கல் நட்டார்கள். "நீதிபதியின் மகன்" என்ற வாசகத்தை எழுதிக் கொடுத்தவரே இளம் வயது டெல்ஃபாதான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் கேள்வியைத் தன்னிடமே கேட்டார். ஜூனியருக்கு வடக்கே யார்? கெர்சி என்பவர். கெர்சியின் வழக்கு ஒன்றில், 1748இல், ஜூனியர் சாட்சி சொல்லியிருந்தார். சாட்சி சொல்பவர் வயதும் சொல்ல வேண்டும் அல்லவா? நாற்பத்து நான்கு என்றார். அதே ஆண்டு இன்னொரு வழக்கில் சாட்சி சொன்ன நீதிபதி, தன் வயது ஐம்பத்திரண்டு என்றார்.

எட்டு வயதில் யாருக்காவது பிள்ளை பிறக்குமா?

ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தால், இளையவரை "ஜூனியர்" என்று எழுதுவது அந்நாள் வழக்கம். அவ்வளவுதான். கெர்சியின் பெயரைப் பிடித்துக்கொண்டு டெல்ஃபா இன்னும் பின்னால் போனார். 1716ஆம் ஆண்டு நீதிமன்ற ஏட்டில் ஒரு வரி: கெர்சியின் வேலைக்காரன் எட்வர்ட் ராலின்ஸ், கப்பலில் ஒப்பந்தத் தாள் இல்லாமல் வந்தவன், வயது பன்னிரண்டு என்று தீர்மானிக்கப்பட்டது. அப்படித் தாள் இல்லாமல் வந்தவர்கள் எத்தனை ஆண்டு ஊழியம் செய்ய வேண்டும் என்பதை நீதிமன்றம் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். வயது சொல்லக்கூட உடன் ஆள் இல்லாத ஒரு சிறுவன். வடக்கே இருந்தவர் அவனுடைய பழைய எஜமானர்.

இதை மறைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? டெல்ஃபா மறைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் குடும்பம் கூடிய விருந்தில் எழுந்து நின்று, "கல்லுல இருக்கறது தப்பு, எழுதினது நான்" என்று சொன்னார். நான் விருந்தாளியாக அங்கே இருந்தேன். அவருடைய பெரியப்பா மகன் ஹோர்டன், கையில் இறைச்சி வைத்த ரொட்டியோடு எழுந்தார்.

"நீதிபதியப் புடுங்கிக்கிட்டு ஒரு வேலைக்காரப் பயலக் குடுக்கறியே, டெல்ஃபா."

"நான் என்ன குடுத்தேன்? உனக்கு அந்த மூக்கக் குடுத்ததே அந்தப் பையன்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டெல்ஃபா சுட்டுக் கொண்டுபோன சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. மூன்று நாள் நானும் அவரும் ஆவண அறையில் அதைத் தின்று தீர்த்தோம். அடுத்த ஆண்டு விருந்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. ஆகஸ்ட் வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

சென்ற ஜனவரியில் ஆவண அறைக் கதவு திறந்தது. ஹோர்டன் நின்றார், தொப்பி கையில்.

"பேரனுக்குப் பன்னெண்டு வயசு ஆச்சு, டெல்ஃபா. அவனப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பையன் ஞாபகந்தான். எந்தக் கப்பல்ல வந்தான்?"

"தெரியல. உக்காரு. கெர்சிக்கு வடக்கால யாருன்னு பாப்போம்."

அவர்கள் தேடி முடிப்பதற்குள் டெல்ஃபா போய்விட்டார். ஹோர்டன் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அந்தத் தேடலை அவரோடு சங்கத்தார் நாங்கள் தொடர்வோம். புதன்கிழமைதோறும் அந்த மேசையில் நாங்கள் இருப்போம்; தேடி வருபவர் யாரும் வரலாம். கல்லில் வாசகம் திருத்தப்படும். இது டெல்ஃபாவுக்கு நாம் தரும் வாக்கு.

அன்பர்களே, வீட்டுக்குப் போனதும் ஒரு தாளின் நடுவில் உங்கள் பெயரை எழுதுங்கள். நான்கு பக்கமும் அண்டை வீட்டார் பெயர்களை எழுதுங்கள். பெயர் தெரியாத பக்கம் இருந்தால், போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள்.