ஒரு தட்டுன்னா நிறுத்து

பகல் ரெண்டே கால் மணி... ஆமா, பகல்தான். சிரிக்காதீங்க. பேய்க்கு என்ன நைட் ஷிஃப்ட் மட்டும்தானா? வெயில் மண்டையப் பொளக்குது. கல் குவாரிக்குப் போற பழைய ரோடு. முன்னாடி, பின்னாடி ஒரு ஈ காக்கா கிடையாது.

என் சகலையோட அண்ணன் ஒருத்தர், பிக்கப் வண்டி ஓட்டுறவரு. அவருக்கு நடந்தது இது. பின்னாடி அவரோட மச்சினன் நின்னுட்டு வருவான். பொண்டாட்டிக்கு ஒரே தம்பி. பெத்தவங்க போனதுக்கப்புறம் அந்தம்மாதான் இடுப்புல தூக்கி வளத்துச்சு. ஓடுற வண்டியில பேசினா கேக்குமா? அதனால கேபின் தகரத்துல ஓங்கி ஒரு தட்டு தட்டினா, நிறுத்து. ரெண்டு தட்டுன்னா, போலாம். அவ்வளவுதான் மாமன் மச்சான் பேச்சு.

அந்த வண்டியில கம்பெனியில இருந்தே வந்த ரேடியோ ஒண்ணு. சனியன். கரகரன்னு இழுக்கும்... திடீர்னு ஸ்பீக்கர்ல 'டப்'னு ஒரு சத்தம். ஆரம்பத்துல அவரு பதறி பிரேக் போடுவாரு.

"என்ன மாப்ள?"

"நான் எங்க மாமா தட்டுனேன்? உங்க ரேடியோவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருதோ என்னமோ!"

சிரிச்சுக்குவாங்க. ஒரே மாசத்துல காது பழகிப்போச்சு. 'டப்'னா ரேடியோ.

அன்னைக்கும் அதே குவாரி ரோடு, பகல் ரெண்டே கால். பாலத்துகிட்ட ஒரு வளைவு. ஒரு பள்ளம். அப்புறம்... 'டப்'.

அவரு நிறுத்தல.

ஊருக்குள்ள வந்து பாத்தா பின்னாடி ஆள் இல்ல. சந்தை முக்குல வண்டி மெதுவாப் போகும்போது குதிச்சு டீ குடிக்கப் போறது அவன் வழக்கம். அங்கதான் இறங்கியிருப்பான்னு விட்டுட்டாரு. இருட்டியும் வரல. போன் அணைஞ்சு கிடக்கு. போலீஸ் கேட்டப்போ, "சந்தை முக்குலதான் சார் இறங்கினான்"னு அடிச்சுச் சொன்னாரு. எல்லாரும் அங்கயே தேடினாங்க.

வீட்டுல அந்தம்மாவுக்குப் பச்சத் தண்ணி பல்லுல படல. "என் தம்பியக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா நீங்களும் வராதீங்க."

மனுஷன் பக்கத்து ஊரு ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுன்னு நாயா அலைஞ்சாரு. போக வர குவாரி ரோடுதான் குறுக்கு வழி. ஒவ்வொரு தடவையும் அந்த வளைவுல... 'டப்'. ரேடியோவ அணைச்சுட்டுப் போனாரு. அப்பவும்... 'டப்'.

நாலாம் நாள் காலையில வண்டி ஸ்டார்ட் ஆகல. ராத்திரி முழுக்க ரேடியோ பேட்டரிய உறிஞ்சிருக்கு. வண்டி நின்னா தேடுறது நின்னுடும்ல? பேட்டரிய சார்ஜ் ஏத்தக் குடுத்துட்டு, ஓடிப்போய்ப் புது ரேடியோ வாங்கிட்டு வந்தாரு. பேனல நெம்பி, நாலு ஸ்க்ரூவக் கழட்டி, பழச வெளிய இழுத்தாரு. எரிஞ்ச பிளாஸ்டிக் வாடை. மஞ்ச ஒயர் பேட்டரிக்கு... சிவப்பு சாவிக்கு... கை ஒயர முறுக்குது, வாய் மட்டும், "வந்துடுறேன்டா மாப்ள, வந்துடுறேன்"னு முனகுது.

பழைய ரேடியோ பக்கத்து சீட்டுல கிடக்கு. ஒயர் இல்ல, கரண்ட் இல்ல, ஸ்பீக்கர் இல்ல. மணி ரெண்டே கால்.

'டப்'.

மெதுவா... தெம்பே இல்லாத கை தட்டுற மாதிரி.

வெயில்ல காஞ்ச தகரம் சத்தம் போடத்தான் செய்யும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டு, அந்தப் பழைய ரேடியோவத் தூக்கிக் குப்பையில வீசினாரு. அதுக்கப்புறம் அந்த வளைவுல சத்தமே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சாம்.

ஏழாம் நாள் ரோடு போடுறவங்க வாடை புடிச்சுப் போய்ப் பாத்திருக்காங்க. அதே வளைவு. பாலத்துக்கு அடியில, முள்ளுக்குள்ள. இடுப்பெலும்பு ஒடிஞ்சு, தேங்கின தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கான். கையில ஒரு கல்லு. பக்கத்துல போற இரும்புக் குழாய்ல அடிச்சு அடிச்சு, அந்த இடம் மட்டும் பளபளன்னு இருந்துச்சாம்.

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "உடனே போகலங்க. நாலு நாள் உயிரோட இருந்திருக்கான்."

நாலாம் நாள்... ரேடியோ மாத்தின நாள்.

அறுத்துத் தச்சு, துணி சுத்திக் குடுத்தாங்க. அவரு வண்டியிலதான் ஏத்தினாங்க. பின்னாடி அவன் மட்டும். முன்னாடி, பக்கத்துல அந்தம்மா. அவரு ஸ்டீயரிங்கப் புடிச்சுக்கிட்டு அழுவுறாரு. சாவியத் திருப்பக் கை வரல. ஆஸ்பத்திரி வாசல்ல எவ்வளவு நேரம் அப்படியே உக்காந்திருந்தாங்களோ... புது ரேடியோ அணைஞ்சுதான் கிடந்துச்சு.

அப்பத்தான்... ஸ்பீக்கர்லேர்ந்து இல்லீங்க. முதுகுக்குப் பின்னால. கேபின் தகரத்துல.

'டப்'... 'டப்'.

அவரு திரும்பிப் பாக்கல. அந்தம்மாவும் திரும்பல. கண்ணக்கூடத் தொடைக்காம, நேரா ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுச்சாம்.

"தம்பி போலாம்ங்குறான். வண்டிய எடுங்க."