என் தம்பியின் கல்லில் எந்த வருடம்?

இந்தச் சில்க்போர்க் மண்டபத்தில் தலைமை ஏற்றிருக்கும் சிறீஸ்கந்தராசா அண்ணை அவர்களே, ஆண்டவரின் ஊழியர் போதகர் தேவநாயகம் ஐயா அவர்களே, யூன் மாதத்திலும் குளிர்ச்சட்டை கழற்றாத பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் அடக்கிப் பிடித்திருக்கும் தாய்மாரே, நாட்டை விட்டு வந்தும் நாக்கை விட்டுவிடாத என் உறவுகளே! அருமைநாயகியின் பணிவான வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பேச்சு எழுதித் தர எனக்கு ஆள் இல்லை. தலைவர் பத்து நிமிடம் தந்திருக்கிறார். மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன் அண்ணை, இப்போதே சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு கேள்வி. கடதாசியில் சனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். ஐந்து, ஒன்பது, பதினான்கு... ராசமலர், நீயுமா? உன் மனிசனுமா? இத்தனை பேரையும் ஒரே நாளில் பெற்ற தாய்மார் அன்றைக்கு வேறு வேலையே பார்க்கவில்லையா?

சிரித்தது போதும். இனி என் குற்றத்தைக் கேளுங்கள்.

எண்பத்து நான்கு மார்கழியில் என் தம்பி லோரன்சும் நானும் கொப்பன்ஹேகன் பொலிஸ் கந்தோரில் அகதிப் பதிவுக்கு வரிசையில் நின்றோம். பிறப்புச் சான்றிதழ் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வீட்டோடு எரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் காதுக்குள் சொன்னார்: "இளம் பெடியனெண்டால் இயக்கமெண்டு சந்தேகப்படுவாங்கள். வயசைக் கூட்டிச் சொல்லுங்கோ. மறக்காத திகதியாப் பாத்துச் சொல்லுங்கோ."

நான் தம்பியின் கையைப் பிடித்தேன்.

"டேய், நாப்பத்தெட்டு சனவரி ஒண்டு எண்டு சொல்லு. எங்கட நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்ச வருசம், மறக்காது."

"அக்கா, எனக்கு என்ர பிறந்தநாள் தெரியும்."

"வாயை மூடு. நான் சொல்லுறதைச் சொல்லு."

சொன்னான். என் சொல் கேட்டுச் சொன்னான். ஒரு நிமிடத்தில் அவனுக்கு ஐந்து வயதைக் கூட்டினேன். அம்மா அவனைப் பெற்ற நாளைக் களவெடுத்தேன்.

இந்த மாசியில் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போனவன், பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தான். எழும்பவில்லை. நாளை காலை பத்து மணிக்கு அவன் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டப்போகிறார்கள். எந்த வருடத்தை வெட்டுவது? கடதாசி சொல்கிறது நாற்பத்தெட்டு. என் நெஞ்சு சொல்கிறது ஐம்பத்து மூன்று! இருந்தபோதும் பொய், இறந்தபோதும் பொய்யா?

ஐம்பத்து மூன்றை மறக்க முடியுமா, பெரியோர்களே? பங்குனியில் ஸ்டாலின் செத்தார். எங்கள் ஒழுங்கைத் தையற்காரர் கடை வாசலில் கறுப்புத் துணி கட்டினார். கோட்டுத் தைக்கக் கொடுத்த துணி அது. கொடுத்தவர் வந்து சண்டை பிடித்தார்! வைகாசியில் எவரெஸ்டின் உச்சியில் மனிதன் கால் வைத்தான். யூன் இரண்டில் லண்டனில் ராணிக்கு முடி சூட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு காகிதக் கொடியும் ஒரு இனிப்பும் கிடைத்தன. அடுத்த மாதமே என்ன நடந்தது? இருபத்தைந்து சதத்துக்கு அரசாங்கம் விற்ற கூப்பன் அரிசி எழுபது சதம்! பள்ளிக்கூடத்தில் சாப்பிடத் தந்த பணிசும் நின்றது. ஆவணியில் கடை அடைத்து, ரயிலை மறித்து, நாடே எழுந்து நின்றது. மனிதன் மலை ஏறிய வருடம், அம்மா உலையில் அரிசியைக் குறைத்த வருடம்!

முடிசூட்டு நடந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு வலி கண்டது. ஒழுங்கையில் ஒரேயொரு கார்தான். ராணிக்காகக் கட்டிய இரண்டு காகிதக் கொடிகள் அதன் முன்னால் இன்னும் பறந்துகொண்டிருந்தன. பின் ஆசனத்தில் எட்டு வயதுப் பிள்ளையாக நான். "கொடியைக் கழட்டடா, இதென்ன ஊர்வலமோ?" என்று வலியிலும் அம்மா ஏசினா. மானிப்பாய் ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள்ளேயே, லோரன்ஸ் பிறந்தான். யூன் ஐந்து! இன்று என்ன திகதி? சத்தமாகச் சொல்லுங்கள்! ஓம், யூன் ஐந்து! இந்த நாட்டுக்காரர் கொடியேற்றும் அரசியல் சட்டத் திருநாள். அந்தச் சட்டத்தில் கையெழுத்து விழுந்ததும் அதே வருடம், அதே வெள்ளிக்கிழமை.

பிறப்பு இறப்புப் பதியும் தேவாலயக் கந்தோரில் இருக்கும் மாக்கிரட் என்ற டெனிஷ் பெண்மணி சொன்னார்: "சகோதரி சொன்னால் செல்லாது. அந்த நாளைக் கண்ட வேறொருவர் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும்."

அந்தக் காரை ஓட்டியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். கடதாசியில் அவர் பிறந்தது நாற்பத்தொன்றில். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கார் ஓட்டுமா? சிரிக்காதீர்கள்! அது அவருக்குச் சிரிப்பில்லை. என் தம்பிக்காக உண்மையை எழுதினால் அவருடைய பொய் வெளிப்படும். போன கிழமை வீடு தேடிப் போய்க் கேட்டேன். "தங்கச்சி, செத்தவனுக்கு வருசம் என்னத்துக்கு? என்னைத் திருப்பி அனுப்பினால் என்ர பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்றார். அதுவும் நியாயம்தான். திரும்பி வந்துவிட்டேன்.

ஆனால் நேற்று நானே பொலிசுக்குப் போனேன். பொய் சொல்ல வைத்தவள் நான் என்று எழுதிக் கொடுத்தேன். இனி என்ன நடக்கும்? தெரியாது. பயமில்லையா? இந்த மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

என் தம்பி மலை ஏறவில்லை, முடி சூடவில்லை. பெட்டி அடுக்கினான். ஸ்டாலின் செத்த நாள் புத்தகத்தில் இருக்கிறது. ராணி முடி சூடிய நாள் புத்தகத்தில் இருக்கிறது. லோரன்ஸ் பிறந்த நாள் எங்கே இருக்கிறது? என்னிடமும் இன்னொருவரிடமும் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் போனால்?

அங்கே எழும்பி நிற்கிறது யார்? கதிரையைத் தள்ளி வழி விடுங்கள். கந்தையா அண்ணை... மெல்லமாக வாங்கோ, படி உயரம். என்ன அண்ணை? ஒலிவாங்கியில் சொல்லுங்கோ, எல்லோருக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா, உறவுகளே? கொடி இரண்டில்லையாம், மூன்றாம்! கட்டியவர் அவர், அவருக்குத்தான் தெரியும். இந்தாங்கோ பேனை. மேசையில் வைத்து ஆறுதலாக எழுதுங்கோ.

தலைவர் அண்ணை, இனி மணியை அடியுங்கள். பேசவிட்ட உங்களுக்கும், பொறுத்திருந்த தாய்மாருக்கும், கார் ஓட்டிய கைக்கும் என் நன்றி. இன்று என் தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. வணக்கம்.